சிந்தடிக் இன்ஜின் ஆயில்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கார்களில் பயன்பாடும் மாற்றும் காலமும்

சிந்தடிக் இன்ஜின் ஆயில் என்பது வேதிமுறையில் மூலக்கூறுகளைப் புதிதாகக் கட்டியோ, கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளை வெகுவாக மாற்றியமைத்தோ செய்யப்படும் மசகெண்ணெய். கச்சா எண்ணெயை வடித்துச் சுத்திகரித்த அளவில் கிடைப்பது மினரல் ஆயில். இரண்டையும் கலந்தது செமி சிந்தடிக். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744இல், சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். வெயில், புழுதி, குட்டி ஓட்டம், அவ்வப்போது ஒரு மலையேற்றம் என்று இன்ஜின் ஆயிலைச் சோதிக்கும் நான்கும் இங்கே சேர்ந்திருப்பதால், ஆயில் மாற்றும் காலம் பற்றிய பொதுவிதிகளை இந்த வட்டாரத்துக்குச் சற்றுத் திருத்தியே வாசிக்க வேண்டும்.

தயாரிப்பு

அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் மினரல். மூன்றாவது, ஹைட்ரஜனோடு அழுத்தத்தில் வினைப்படுத்திச் சீராக்கிய எண்ணெய். நான்காவது, பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எஸ்டர் முதலிய மற்றவையெல்லாம் ஐந்தாவது. கார்களுக்கான சிந்தடிக் ஆயில் அமெரிக்கக் கடைகளுக்கு 1970களில் வந்தது. ஆம்சாயில் 1972இலும் மொபில் 1 என்ற ஆயில் 1974இலும் அறிமுகமாயின. தொடக்கத்தில் நான்காம், ஐந்தாம் குழுக்களை மட்டுமே சிந்தடிக் என்றார்கள். மூன்றாம் குழு எண்ணெயையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999இல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பாயம் ஒன்று, மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இடையிலான வழக்கில் ஏற்றுக்கொண்டது. இன்று இந்தியக் கடைகளில் ‘ஃபுல்லி சிந்தடிக்’ என்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் குழுதான். இதை ஏமாற்று வேலை என்பாரும் உண்டு. ஆனால் நன்கு தயாரித்த மூன்றாம் குழு எண்ணெய் சாதாரணக் காருக்குத் தாராளமாகப் போதும். கத்தாரில் ராஸ் லஃபானில் உள்ள பேர்ல் ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்தே இத்தகைய எண்ணெயைச் செய்கிறது.

சிந்தடிக்கின் பலம் எளிதாகச் சொல்லிவிடக்கூடியது: மெழுகு மிகக் குறைவு, சூட்டில் ஆவியாவது குறைவு, ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுவது மெதுவாக நடக்கும், வெப்பநிலை மாறினாலும் பாகுத்தன்மை அவ்வளவாக மாறாது. டின்னில் இருப்பது முழுவதும் அடிப்படை எண்ணெய் இல்லை. அழுக்கைப் பிரித்து வைப்பவை, அமிலத்தை முறிப்பவை, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் என்று பல சேர்க்கைகளும் அதில் உண்டு. ஆயிலை மாற்றவேண்டி வருவது பெரும்பாலும் இந்தச் சேர்க்கைகள் தீர்ந்துபோவதாலும், வெளியிலிருந்து வரும் எரிபொருளும் நீரும் தூசியும் சேர்வதாலும்தான். இந்த இரண்டிலும் சிந்தடிக்குக்குத் தனி விலக்கு ஏதும் கிடையாது.

கிரேடு

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பன அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் (எஸ்ஏஇ) அளவுகள். டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் குறிக்கும். 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள் இருக்கவேண்டும்.

“நம்ம ஊர் வெயிலுக்கு ஆயில் திக்காத்தான் இருக்கணும்” என்பது இங்குள்ள ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அம்பாசிடர் காலத்தில் அது நியாயம். இன்றைய இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஓடிச் சூடேறிய பிறகு ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். வெளியே மார்கழிக் காலையா, சித்திரை மதியமா என்பது அதை அவ்வளவாக அசைப்பதில்லை. மைனஸ் 30க்கு இராஜபாளையத்தில் என்ன வேலை என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 40 டிகிரியில் 5டபிள்யூ-30 சுமார் 60 முதல் 70 சென்டிஸ்டோக். 20டபிள்யூ-50 அதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதாவது பனியே இல்லாத ஊரிலும், காலையில் சாவி போட்டதும் திக்கான ஆயில் மேலேறி வால்வு வரை போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்றைய இன்ஜின்களில் துவாரங்கள் சிறியவை. அவை மெல்லிய ஆயிலை எண்ணியே வடிவமைக்கப்பட்டவை. 0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது காப்பு நடவடிக்கை என்று நினைத்துச் செய்யும் தவறு. மைலேஜும் சற்றுக் குறையும்.

கிரேடைப் போலவே பார்க்கவேண்டியது தரக்குறி. பெட்ரோல் கார்களுக்கு ஏபிஐ வகைகளில் எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தன. 2025இல் எஸ்கியூ வந்தது. டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் கொண்ட சிறிய இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது எரிபொருள் நேரம் தவறிப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு இருந்தது. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்க்கையும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு வகுத்ததே எஸ்பி. ஆகவே டர்போ பெட்ரோல் காருக்குப் பழைய தரத்து ஆயில், அது சிந்தடிக்கே ஆனாலும், பொருந்தாது. டின்னின் முகப்பில் பெரிதாக அச்சிட்ட ‘சிந்தடிக்’ என்ற சொல்லைவிடப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த வரி முக்கியம்.

எப்போது மாற்றுவது

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியோ அது, என்பதே கையேட்டின் கணக்கு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவை 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்கின்றன. ‘கடுமையான பயன்பாடு’ என்று கையேட்டின் பின்பக்கத்தில் இன்னோர் அட்டவணை இருக்கும். குட்டி ஓட்டங்கள், நின்று நின்று போகும் நெரிசல், புழுதிச் சாலை, மலைச்சாலை, தொடர்ந்த வெயில் ஆகியவை அதில் வரும். பல கையேடுகள் அந்த நிலைக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்று பாதியாக்குகின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்த இரு ஊர்களின் ஓட்டத்தைப் பார்த்தால் அந்தப் பட்டியல் இங்கேயே உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கும். இராஜபாளையத்தில் வீட்டிலிருந்து பஞ்சு மார்க்கெட், காந்தி சிலை, பள்ளிக்கூடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளைச் சுற்றிப் பஸ் நிலையம் வரை. இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஓட்டம் முடிந்துவிடும். தண்ணீர் வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டதாக நினைக்கிறோம். ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைப்போல் இரு மடங்கு நேரம் எடுக்கும். எரிப்பில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் இடுக்கு வழியே கீழே இறங்கி ஆயிலோடு சேர்கின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே 2025 முதல் நாடெங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில் இது இன்னும் கவனிக்கவேண்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்கு 12 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடும் கார் இந்தக் கணக்கில் தப்பித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றும் கார் தப்பாது.

இங்குள்ள நூற்பாலைகளில் ஜெனரேட்டர் பராமரிப்பவர் கிலோமீட்டர் கேட்பதில்லை; மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்துத்தான் ஆயிலை மாற்றுவார். காருக்கும் அந்தக் கணக்கே சரியானது. சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓடிய கார் 10,000 கி.மீ. முடிக்க 200 மணி நேரம் ஆகும். ஊர் நெரிசலில் சராசரி 20 கி.மீ. என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். ஓடோமீட்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ஆயிலுக்கு அப்படி இல்லை.

ஆகவே மூன்று வகைக் கார்களைப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஊருக்குள் ஓடும் குடும்பக் கார், “இன்னும் பத்தாயிரம் ஆகலையே” என்று இரண்டு ஆண்டு விடப்படுவது இங்கே மிகச் சாதாரணம், மிகத் தவறும்கூட. அதற்குக் காலண்டர்தான் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். ஓட்டமெல்லாம் குட்டி ஓட்டமாகவே இருந்தால் ஆறு மாதம். கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்கோ, விருதுநகருக்கோ, மதுரைக்கோ தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் கார் கையேட்டின் முழுத் தூரத்தையும் அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம். சிந்தடிக்கின் முழுப் பயன் இதற்குத்தான் கிடைக்கிறது. மூன்றாவது வாடகைக் கார். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு ஏறிச் சபரிமலைப் பக்கம். சாரல் காலத்தில் குற்றாலம். அமாவாசைக்கு வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி அடிவாரம். ஆள் நிறைந்து, ஏசி ஓடி, ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது ஆயில் சூடு சமதளத்தைவிட வெகுவாக ஏறும். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவிதி. இங்கே சிந்தடிக் கைகொடுக்கும். ஆனாலும் அதை 7,000, 8,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது.

புழுதியும் ஒரு தனிக் கணக்கு. மலையடித் தோப்புகளுக்கும் செண்பகத்தோப்புப் பக்கமும் போகும் மண்பாதை, கிழக்கே கரிசல் காட்டு வழி ஆகியவற்றில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரை ஆயிலுக்கு முன்பே கவனிக்க வேண்டும். உள்ளே புகும் மணல் துகள், எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலானாலும், சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யும் பழக்கம் பயனற்றது. டீசலில் ஊற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிடும். அது அழுக்கைப் பிடித்து வைக்கும் தன் வேலையைச் செய்கிறது. சிஎன்ஜி காரில் தேய்ந்துபோன ஆயில்கூடப் பொன்னிறமாகத் தெரியலாம். டிப் ஸ்டிக்கில் பார்க்கவேண்டியவை வேறு: அளவு, பெட்ரோல் வாடை, பால் கலந்ததுபோன்ற வெளுப்பு. கடைசியது தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

டீசல் கார்களின் தனிச் சிக்கல்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. இதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் (ஏசிஇஏ) சி2, சி3 போன்ற குறிகளில் கையேடு கேட்பது எதுவோ அதையே ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும், மாற்றும் செலவு பெரிது. வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, பல கார்களில் சிலிண்டருக்குக் கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டினால் தூரம், மாதம் எதையும் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டப் பெரிய டீசல் வண்டி வாங்கியவர்கள், பத்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை திருமங்கலம் சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டிவருவது வடிகட்டிக்கும் ஆயிலுக்கும் நல்லது.

பழைய கார்கள்

1.5 லிட்டர் பெட்ரோல் அம்பாசிடர் போன்ற பழைய இன்ஜின்களுக்கு மினரல் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போதும். புதிய மெல்லிய ஆயில்களில், வினையூக்கி மாற்றியைக் காக்கப் பாஸ்பரஸ் அளவை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பழைய டேப்பட்டுகளுக்கு அது குறைவு. ஆயிலைக் குடிக்கும் இன்ஜினுக்கு இரு மடங்கு விலையுள்ள சிந்தடிக் ஊற்றுவதும் வீண். மற்றபடி மினரலிலிருந்து சிந்தடிக்குக்கு மாறினால் கசியும் என்பது தொடக்ககால ஆயில்களால் எழுந்த அச்சம். சீல் நல்ல நிலையில் இருந்தால் மாறலாம். அவசரத்துக்கு இரண்டையும் கலக்கவும் செய்யலாம். ஃபிளஷ் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

மாற்றும் இடம்

சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்று முதல் மூன்றரை லிட்டர் போதும். பெரிய டீசல் வண்டிகள் ஐந்து, ஆறு லிட்டர் கேட்கும். ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட் வாஷரையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். வெளியே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம் பொதுவாக உண்டு. தனியார் மெக்கானிக்கிடம் போனதையே காரணம் காட்டி வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான 2014 ஆகஸ்ட் 25 ஆணையில் கூறியது. அந்த ஆணை மேல்முறையீட்டுக்குப் போனது. எப்படியானாலும் கிரேடு, தரக்குறி, கிலோமீட்டர் எழுதிய பில்லை வைத்துக்கொள்வது பின்னால் உதவும். டின்னின் சீலைத் தன் கண்முன் உடைக்கச் சொல்வதும் தவறில்லை. காலி டின்னை வாங்கி மறுபடி நிரப்பும் வியாபாரம் இருப்பதால், மாற்றி முடித்ததும் டின்னில் ஓட்டை போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

கழிவு ஆயில்

வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், மரத்தைக் கரையானிடமிருந்து காக்கவும் அதை வாங்கிப் போவது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். அதில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் புற்றுநோய் ஆபத்துள்ளவை, வெறுங்கையால் தொடத்தக்கவை அல்ல. சாக்கடையில் விட்டால் அது கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும். கண்மாயையும் மலையடி நீர்த்தேக்கத்தையும் நம்பியிருக்கும் இந்த ஊர்களில் அது சிறிய விஷயமில்லை. மசகெண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதியாளர்களும், விற்ற ஆயிலில் ஒரு பங்கை மறுசுழற்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பொறுப்பு விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கழிவு ஆயில், பதிவு பெற்ற சேகரிப்பாளர் வழியாகப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போகவேண்டும். அங்கே சுத்திகரித்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்குகிறார்கள்.