பொம்மையில் கற்ற உயிர்ப் பாடம்



இதயம் நின்றவரின் நெஞ்சை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று 1960-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து அறிவித்தார்கள். இதுதான் சி.பி.ஆர். முதலுதவியின் அடிப்படை. ஆனா நல்லா இருக்கிறவங்க நெஞ்சை அழுத்திப் பழக முடியுமா? அதற்காக நார்வே நாட்டு பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் அதே வருஷம் ஆளுயர பொம்மை செய்தார். தண்ணீரில் மூழ்கிய தன் மகனைக் காப்பாற்றிய தகப்பன் அவர்.

எங்க குழுவுக்கும் பொம்மையில்தான் பயிற்சி. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். அன்னைக்கு நல்லா செஞ்சேன். ஆறு மாசம் கழிச்சு, கையை எங்கே வைக்கணும்னே தடுமாறிட்டேன். பழகாவிட்டால் சில மாதங்களிலேயே மறக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

108 வண்டி வரும்வரை நம்ம கைதான் துணை. அதனால மாதக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும், தலையணை வெச்சு இரண்டு நிமிஷம் அழுத்திப் பழகுவோம்.