காப்பி இலைநோயும் தமிழர் வாழ்வும்

வரலாறு என்றதும் மன்னர்களையும் போர்க்களங்களையும் நினைப்பது நம் வழக்கம். ஆயின், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் மக்கள் வாழ்வின் போக்கை மாற்றியுள்ளன. 2013ஆம் ஆண்டில் தென் இத்தாலியின் ஒலிவ மரங்களில், அந்நிலத்துக்குப் புதிதான சைலெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் கருகின. இச்செய்தி, தமிழரோடு தொடர்புடைய பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறது. அது இலங்கையின் காப்பித் தோட்டங்களில் நேர்ந்தது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவர் துவைட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பெர்க்லி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, இது ஒரு பூஞ்சணமே எனக் கண்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என அவ்வாண்டிலேயே பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்கு 'பாழாக்குவது' என்பது பொருள். பெயருக்கேற்பவே எல்லாம் நடந்தது.

நோய்க்குப் பெயர் கிடைத்ததேயன்றித் தீர்வு கிடைக்கவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பிசுபிசுப்பான பொருள் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் நோய்வித்துகளைப் பிடித்தார். அவை இலைமேலுள்ள நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளைகளின் வழியே உட்புகுவதைக் கண்டார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய் பரவ வழிசெய்தது என்றும் உணர்த்தினார். நோய்முதலை நாடவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. வார்ட் அதனை நாடிக் கண்டார். ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1870 அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி இராத்தலாக இருந்த காப்பி ஏற்றுமதி, 1889 அளவில் சுமார் 50 இலட்சம் இராத்தலாகச் சுருங்கியது.

தோட்ட முதலாளிகள் இழந்த பணத்தைப் பேசும் நூல்கள் பல. உழைத்தவர் நிலையைப் பேசுவன சிலவே. காப்பிக் காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர், கங்காணிகளின் பின்னே மன்னார் வழியாக நடந்துவந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். காப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டியது. எனவே, வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். மலையகத் தமிழர் என்னும் சமுதாயம் வேரூன்றியதில் அந்த இலைநோய்க்கும் பங்குண்டு. அவ்வாறு நிலைத்தவர்களின் வழித்தோன்றல்களையே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்களுள் எஞ்சியோர்க்கு முழுத் தீர்வு தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கும் அயலானதன்று. இலங்கைக் காப்பியில் நட்டமடைந்த தோட்டக்காரர் சிலர் மலாயாவுக்கு வந்து மீண்டும் காப்பி நட்டனர். பின்னர், இங்கு ரப்பர் பெருகியது. அதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தோருள் பல்லாயிரவர் முதன்முதல் மிதித்த மண் பினாங்கு மண்ணே. அவர்கள் வழிவந்தவர்களே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர்.

நம் பள்ளிகளில் இலைநோய் அறிவியல் பாடத்தில் வருகிறது. மக்கள் குடிபெயர்ச்சி வரலாற்றுப் பாடத்தில் வருகிறது. இரண்டையும் இணைத்துக் காட்டுவது ஆசிரியர் கடமை. நோயுற்ற இலையைத் திருப்பி அடிப்புறம் நோக்கியபோதே உண்மை தெரிந்தது. ஏற்றுமதிக் கணக்குகளையும் அவ்வாறே திருப்பிப் பார்க்க மாணவர்க்குக் கற்பிப்போமாயின், அவற்றின் மறுபுறத்தில் தம் பாட்டன் பாட்டியரை அவர்கள் காண்பர்.