நிழலும் சாயலும்

ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் உருவான மலேசியாவின் தைப்பிங் ஏரிப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரமொன்றை வரைய உட்காருபவருக்கு வேலை இரண்டு. மரம் தரையில் வீழ்த்தும் இருளைக் காட்டவேண்டும். அடிமரத்தின் உருட்சியையும் காட்டவேண்டும். இரண்டையும் 'ஷேடிங்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 'நிழலிடுதல்' என்று மாற்றினாலும் குழப்பம் தீர்வதில்லை.

நிழல் சுமை மிகுந்த சொல். திருக்குறளின் 208ஆம் பாட்டில் அது காலடியை விட்டு நீங்காத இருள். 881இல் இளைப்பாறும் இடம். அரசனின் குடை தரும் காவலும் நிழல்தான். சங்கப் பாடலில் நீலமணியின் ஒளிகூட நிழல்! இருளையும் ஒளியையும் ஒருசேரத் தாங்கும் இந்தச் சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் அடிமரத்தின் மேனியில் வெளிச்சம் சிறுகச் சிறுக மங்குவதைச் சொல்ல அது போதவில்லை.

அதற்குச் சாயல் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் அதற்குத் தரும் பொருள் மென்மை. மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் நிழலுக்கும் சாயலுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மேகம் மூடினால் தரையில் நிழல் கரைந்துவிடும். மரத்தின் திரட்சி மட்டும் மங்காது. அப்போது மிஞ்சுவது சாயல்.

மலாய் ஓவிய வகுப்பில் சாயல் தீட்டுவது 'லோரேக்கான்': கோடு இழுக்கும் கைவேலையே பெயராகிவிட்டது. வடமொழி நூல் விஷ்ணுதர்மோத்தரம் இதற்கு 'வர்த்தனை' என்று பெயரிட்டு, இலை நரம்பு போன்ற கோடு, மெல்லிய பூச்சு, புள்ளி என மூவகை சொல்கிறது.

கோட்டின் வலிமையை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த ஓவியர் சில்பியிடம் காணலாம். கோட்டுப்படங்களை அச்சிட்ட துத்தநாக 'பிளாக்'கில் அமிலம் அரித்த இடம் வெள்ளை, அரிக்காத இடம் கறுப்பு. நடுவே சாம்பல் நிறம் கிடையாது. கோடுகளை நெருக்கியும் தளர்த்தியும்தான் கற்சிலையின் கன்னத்தை உருட்ட முடியும். பேராக் மண்ணின் கேலிச்சித்திரக்காரர் லாட், 1979இல் வந்த 'கம்போங் பாய்' நூலில் கறுப்பு மைக் கோடுகளாலேயே ஒரு கிராமத்தை எழுப்பினார்.

தமிழ்ப்பள்ளிக் காட்சிக்கலை வகுப்பில் விழும் இருளுக்கு நிழல் என்றும், உருவின்மேல் மங்கும் ஒளிக்குச் சாயல் என்றும் பிரித்தே சொல்லித்தரலாம். பென்சில் பிடிக்கும் பிள்ளைக்கு எதை முதலில் தீட்டுவது என்பது அப்போது தெளிவாகும்: முதலில் சாயல், பிறகு நிழல்.