கூழ்ப்பானையைச் சுற்றி இருந்தவர்கள்

யாழ்ப்பாணம் வாற பயணிகளுக்கு "இதைச் சாப்பிடாமல் திரும்பாதேங்கோ" எண்டு சொல்லப்படுகிற சாப்பாடுகளில் ஒடியற்கூழுக்குத் தனி இடம். நண்டு, இறால், கணவாய் போட்டு உறைப்பாகக் காய்ச்சிய கூழ் இன்றைக்கு விடுதிகளின் உணவுப்பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் பயணிகளில் பெரும்பாலானவர்கள் கூழின் ஊர் ஒன்றை நிற்காமலே கடந்து போகிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கோ நாகவிகாரைக்கோ நெடுந்தீவுக்கோ போக, புங்குடுதீவைக் குறுக்கறுத்துத்தான் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேணும். பன்னிரண்டு வட்டாரங்கள் கொண்ட அந்த ஊர் அவர்களுக்கு பஸ் யன்னலில் ஓடுகிற பனைகளும் பூட்டிக் கிடக்கிற வீடுகளும்தான். அந்தப் பனைகளின் கீழ் இருக்கிற சாப்பாட்டு வரலாற்றை நாங்கள் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம்.

முதலில் நிலம். புங்குடுதீவில் ஆறு இல்லை. நல்ல தண்ணிக் கிணறு குறைவு, உவர்க் கிணறு அதிகம். நெல் மழையை நம்பியே விளைந்தது. மாரி பொய்த்தால் சோறும் பொய்த்தது. பனை அப்படி ஏமாற்றுவதில்லை. ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. மிஞ்சுகிற விதைகளைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி, தையில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். எல்லாமே மாதக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே கட்டுச்சாமான்.

ஒடியல் மா அப்படியே சாப்பிடக்கூடியது இல்லை, கைக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, பிழிந்தெடுத்த பிறகே பானைக்குள் போகும். எத்தனை தரம் நீர் மாற்றுவது, எப்போது கைப்புப் போய்விட்டது என்பதெல்லாம் எங்கட அம்மம்மாக்களின் கையில் இருந்த அறிவு.

பானைக்குள் வேறென்ன இருக்கிறது? மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, மரவள்ளி, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். இதில் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கீசர் இந்தியக் கடலுக்கு வந்த பிறகுதான் மிளகாய் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முந்திய சமையலின் உறைப்பு மிளகில் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரிடம் விழுந்தது, 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் புங்குடுதீவுக்குத் தங்கட நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்து 'மிடில்பேர்க்' என்றார்கள். அந்தப் பெயர் போய்விட்டது, மிளகாய் நின்றுவிட்டது. ஆக, 'ஆதிகாலத்திலிருந்து மாறாத பாரம்பரியம்' என்று கூழை விற்பதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்ட பானை அது.

அரிசி இல்லாமல் போன காலங்களில் பனையும் மரவள்ளியும்தான் கைகொடுத்தன. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோதும், 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டின்போதும், 1990களின் பொருளாதாரத் தடையின்போதும் இதுதான் நடந்தது. அதனாலேயே கூழுக்கு ஒரு வெட்கமும் ஒட்டிக்கொண்டது. சோறு இல்லாதவன் குடிப்பது கூழ்.

இந்த வெட்கத்தைப் புங்குடுதீவாரின் கடைகளில் பார்க்கலாம். மண் சோறு போடாததால் ஊரவர்கள் கொழும்புக்கும் தெற்கின் நகரங்களுக்கும் போய்க் கடை போட்டார்கள். பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை, சாப்பாட்டுக் கடை. சைவக்கடைகளில் தோசையும் வடையும் விற்றார்கள், கூழ் விற்கவில்லை. கூழ் மச்சம் என்பது ஒரு காரணம். ஏழ்மையின் மணம் அதில் இருந்தது மற்றக் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். 1958, 1977, 1983 இனக்கலவரங்களில் தமிழரின் கடைகள் எரிந்தன. 1991இல் இராணுவம் தீவுக்குள் வர ஊரே இடம்பெயர்ந்தது. இன்றைக்கு ரொறொன்ரோவிலும் பாரிசிலும் ஒடியல் மா பைக்கற்றில் கிடைக்கிறது, ஒன்றுகூடல்களில் கூழ் காய்ச்சுகிறார்கள். பசிக்குக் குடித்தது நினைவுக்குக் குடிப்பதாக மாறிவிட்டது.

அந்த நினைவில் வழக்கமாக வருகிற காட்சி ஒன்று உண்டு: முற்றத்தில் பெரிய பானை, சுற்றிவர உறவுகள், கையில் பனையோலையில் கோலிய பிளா. அழகான காட்சிதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் யார் இருந்தார்கள்? பனையேறி ஓலை வெட்டித் தந்தவர் சரிசமமாக இருந்தாரா? சந்தியில் வருகிறவன் எந்தச் சாதி என்று கேட்டுக்கொண்டு கொழும்பில் கடை நடத்த ஏலாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலோ ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணியும் போத்தலும் இருந்தன, உள்ளே இருக்கை இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் இது நின்றுவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலத்துக்கும், அதன் பின்னான தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுக்கும் பிறகே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு சமூகத்தின் சாப்பாட்டு வரலாற்றில் யார் யாரோடு இருந்து சாப்பிட்டார்கள் என்பதும் செய்முறை அளவுக்கு முக்கியம்.

இதையெல்லாம் சொல்வது கூழின் ருசியைக் கெடுக்க இல்லை. பயணிகளுக்கு எங்கட சாப்பாட்டைக் கொடுக்கப் போகிறோம் என்றால் எதைக் கொடுக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேணும். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. ஆனாலும் ஒடியல் கிழிக்கிற, மா இடிக்கிற, கைப்பெடுக்கிற வேலை வயதான பெண்களோடு நின்றுபோகிற ஆபத்து எங்கட கண்முன்னால் இருக்கிறது. நண்டுக்குக் கொடுக்கிற விலையில் ஒரு பங்காவது அந்தக் கைகளுக்குப் போகிறதா? குறிகட்டுவானில் படகுக்காகக் காத்து நிற்கிறவர்களுக்கு, ஊர்ப் பெண்கள் தாங்களே காய்ச்சித் தாங்களே விலை சொல்லுகிற ஒரு கூழ்க்கடை இருந்தால் என்ன? யாரும் வரலாம், யாரும் இருக்கலாம், ஒரே பிளா. விடுதியின் பீங்கான் கிண்ணத்தில் வருகிற கூழைவிட அதில் வரலாறு கூட இருக்கும்.