ஹாட்ஜுக்குச் சிப்பி... வில்லிக்குப் பால்!

லண்டன் மாநகரம்... பதினெட்டாம் நூற்றாண்டு.

நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், மெழுகுவத்தி நெருப்பில் முன்பக்கம் கருகிப்போன ஒரு ‘விக்’ - இப்படி ஒரு மனிதர் தெருவில் இறங்கி நடக்கிறார். யார் தெரியுமா? டாக்டர் சாமுவேல் ஜான்சன்! 1755-ல் வெளிவந்த பிரம்மாண்டமான ஆங்கில அகராதியைத் தொகுத்த மகா பண்டிதர். அவர் வாயைத் திறந்து எது சொன்னாலும் குறித்துவைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் எங்கே கிளம்பிவிட்டார்? கடைக்கு... சிப்பி வாங்க! தான் சாப்பிட அல்ல, பூனைக்கு!

பூனையின் பெயர் ஹாட்ஜ். வயதாகி, நோயும் வந்து, சிப்பியைத் தவிர வேறு எதையும் தின்ன முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வீட்டில் வேலையாட்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, பிறகு விடுதலை பெற்ற ஃபிரான்சிஸ் பார்பர் அவர்களில் ஒருவர். ‘போய் வாங்கிட்டு வாப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஜான்சன் சொல்லவில்லை. தானே போனார்.

ஏன்? இரண்டு சாட்சிகள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஜான்சனின் நெருங்கிய தோழியான ஹெஸ்டர் பியோஸி, 1786-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் சொல்லும் காரணம் - ‘ஒரு நாலுகால் பிராணிக்காக நம்மைக் கடைக்கு விரட்டுகிறாரே’ என்று பார்பரின் மனசு நோகக் கூடாது! 1791-ல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் சொல்லும் காரணம் வேறு - தொந்தரவு தாங்காமல் வேலையாட்கள் பூனையை வெறுக்க ஆரம்பித்துவிடக் கூடாது! ஒருவர் அதை மனுஷனைப் பற்றிய கவலை என்கிறார். இன்னொருவர் பூனையைப் பற்றிய கவலை என்கிறார். எதுவானால் என்ன? கிழட்டுப் பூனையின் பாரத்தை ஜான்சன் அடுத்தவர் தலையில் கட்டவில்லை என்பதுதான் விஷயம். (இத்தனைக்கும் பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஆகாது. ஒரே அறையில் இருந்தால்கூட நெளிவார்!)

‘வசதியான வெள்ளைக்காரர்களின் செல்லம் இதெல்லாம்’ என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, இன்னும் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருடங்கள் பின்னால் போவோம். வசதிக்கும் செல்லத்துக்கும் கொஞ்சமும் இடமில்லாத ஓர் ஊருக்கு.

எகிப்தில், செங்கடல் கரையில் இருந்த பெரனிகே துறைமுகம் நமக்கும் ஒருவகையில் சொந்தம்தான். தமிழ் பிராமி எழுத்துக்கள் கொண்ட பானை ஓடு அங்கே கிடைத்தது. இந்தியாவிலிருந்து போன மிளகு, ஒரு பெரிய ஜாடிக்குள் ஏழரை கிலோ அளவுக்கு அப்படியே கிடைத்தது. சுற்றிலும் பாலைவனம். நல்ல குடிதண்ணீர்கூட ஊருக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும். அந்த ஊரின் ஓரத்தில் போலந்து நாட்டு ஆய்வாளர் மார்த்தா ஓசிபின்ஸ்கா தலைமையில் ஒரு கல்லறைத் தோட்டத்தைத் தோண்டினார்கள். மனிதர்களுக்கானது அல்ல... செல்லப்பிராணிகளுக்கானது! கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 2021-ல் வெளியான கணக்குப்படி மொத்தம் 585 விலங்குகள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் பூனைகள்! சில பூனைகளின் கழுத்தில் பட்டை, சிலவற்றுக்கு மணிமாலை. துணியோ பானை ஓடோ போர்த்தி, தூங்குகிற மாதிரி படுக்கவைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. புதைக்கப்பட்டிருந்த விலங்குகளில் பல்லெல்லாம் கொட்டிப்போன கிழடுகள் இருந்தன. சரியாக நடமாட முடியாதவை இருந்தன. பல் இல்லாத பிராணி தானாக வேட்டையாடிச் சாப்பிட முடியுமா? யாரோ ஒருவர் மெத்தென்று எதையாவது தினமும் ஊட்டியிருக்கவேண்டும். எலி பிடிக்க இனி உதவாது என்று தெரிந்தும்!

பூனையே நேரடியாகச் சாட்சி சொல்லும் இடமும் உண்டு. அது கஜகஸ்தானில் இருக்கிற ஜான்கென்ட் என்ற பழைய ஊர். அங்கே கிடைத்த, ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழமையான ஓர் ஆண் பூனையின் எலும்புக்கூட்டைப் பரிசோதித்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல எலும்புகள் முறிந்து, பிறகு கூடியிருந்தன. வாழ்நாளின் கடைசியில் கிட்டத்தட்ட பல்லே இல்லை. ஆனால், எலும்பின் ரசாயனத்தைப் பார்த்தால் நல்ல சத்தான மாமிச உணவு சாப்பிட்டிருக்கிறது! உபயோகமில்லாத எந்த மிருகத்தையும் வைத்துக்கொள்ளாத நாடோடி மேய்ப்பர்களின் உலகம் அது. அங்கேயும் யாரோ ஒரு மகராசி... அல்லது மகராசன்!

உடனே ‘ஆகா, அந்தக் காலத்து மனுஷர்களின் அன்பே அன்பு’ என்று உருகிவிடவேண்டாம். மறுபடி எகிப்துக்கு வாருங்கள். வீட்டுப் பூனை செத்தால் குடும்பமே புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் காத்த நாடு என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த எகிப்துதான் இது. ஆனால் அதே நாட்டின் கோயில்களில் பக்தர்கள் காணிக்கை செலுத்துவதற்காகப் பூனைகளின் ‘மம்மி’கள் தயாரானபோது நடந்தது என்ன? லண்டனில் இருந்த அந்த மம்மிகளை 1980-களின் தொடக்கத்தில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரு வயதுகூட நிரம்பாத குட்டிகள். பலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது! தெய்வத்தின் பெயரால்தான்... ஆனால் பூனைக்காக அல்ல. காணிக்கை கொடுத்தவரின் புண்ணியத்துக்காக.

ஆக, ஒரு பூனை செத்துப்போவதில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இங்கே எட்டிப்பார்க்கிறது - யாருக்காக?

ஊட்டி வளர்ப்பதில் அந்தக் கேள்வி அவ்வளவாகக் குத்தாது. முடித்துவைக்கவேண்டிய நேரம் வரும்போதுதான் குத்தும். ‘யூதனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘நல்ல மரணம்’ என்று பொருள். நாம் வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள்... கருணைக்கொலை! முன்னால் கருணை நின்றாலும், பின்னாலேயே கொலையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டு தவித்த இரண்டு பேரைச் சொல்கிறேன். இருவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

முதலாமவர், ஹெமிங்வே. நாவலாசிரியர், வேட்டைக்காரர், போர்க்களங்களைப் பார்த்தவர். கியூபாவில் அவருடைய பண்ணைவீடு முழுக்கப் பூனைகள். 1953 பிப்ரவரியில், ‘அங்கிள் வில்லி’ என்று அவர் செல்லமாகக் கூப்பிட்ட பதினோரு வருடத் தோழன், வலப்பக்கக் கால்கள் இரண்டும் நொறுங்கிப்போய் வந்து சேர்ந்தது. கார் ஏறியதோ, யாராவது அடித்தார்களோ! மிச்சமிருந்த இரண்டே கால்களில் வீடுவரை வந்துவிட்டது. எலும்பு வெளியே தெரிகிறது. காயம் முழுக்க மண். அந்த நிலையிலும் எஜமானரைப் பார்த்ததும் ‘குர்ர்’ரென்று கொஞ்சியதாம்... ‘இவர் சரிபண்ணிவிடுவார்’ என்கிற நம்பிக்கையோடு!

சரிபண்ண முடியாது என்பது ஹெமிங்வேக்குத் தெரிந்தது. ‘நான் சுடுகிறேன்’ என்று வீட்டில் ஒருவர் முன்வந்தார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிண்ணம் பால் கொண்டுவரச் சொன்னார். உதவியாளர் தடவிக்கொடுக்க, வில்லி பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே... முடித்தார். தன்னை யாரோ கொல்கிறார்கள் என்பது அதற்குக் கடைசிவரை தெரியக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அன்றைக்கே ஓர் இத்தாலிய நண்பருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினார். பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகம் 2012-ல் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, முரட்டு ஹெமிங்வேயை மட்டுமே தெரிந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

இரண்டாமவர் நமக்கு இன்னும் வேண்டியவர். மகாத்மா காந்தி! அங்கே வந்தது பூனை அல்ல, கன்றுக்குட்டி. ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

அவர் பிறந்த குஜராத்தைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். 1580-களில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வியாபாரி ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஆஸ்பத்திரி இருப்பதாக வியந்து எழுதிவைத்தார். எந்த உயிரையும் கொல்வதில்லை. தானாகப் போகும்வரை வைத்துப் பராமரிப்பது - அதுதான் அந்த மண்ணின் தர்மம். அந்த மண்ணில், 1928-ல், சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி சாகக் கிடந்தது. முடிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. காந்தி ஆசிரமத்துக்காரர்களைக் கூட்டிப் பேசினார், அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டார். ‘நம்மால் உண்டாக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு என்ன உரிமை?’ என்று எதிர்ப்பு கிளம்பியது. காந்தி யோசித்தார். பிறகு டாக்டரை வரவழைத்து, தன் கண்ணெதிரிலேயே விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அகிம்சையின் அவதாரமே ஒரு கன்றைக் கொன்றுவிட்டதா? நாடே கொந்தளித்தது. வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. காந்தி ஒளிந்துகொள்ளவில்லை. ‘யங் இந்தியா’ பத்திரிகையில் விரிவாகவே எழுதினார். என் சொந்த நலனுக்காக எடுத்திருந்தால் அது இம்சை. அதன் வலியைப் போக்க வேறு வழியே இல்லாதபோது, அதற்காகவே எடுத்தால் அது அகிம்சை - இதுதான் அவர் வாதத்தின் சாரம். அதே கட்டுரையில், ஆசிரமத்துப் பயிரை நாசமாக்கும் குரங்குகளைப் பற்றியும் பேசினார். அவற்றைக் கொன்றால் அது இம்சைதான் என்றார். காரணம்? அது குரங்குகளின் நன்மைக்காக அல்ல, நம் நன்மைக்காக!

அதே கேள்வி, பார்த்தீர்களா? யாருக்காக?

சரி, இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வருவோம். சமையலறை மூலையில் பதினைந்து வயசுப் பூனை ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது என்று வையுங்கள். மனுஷக் கணக்கில் அதற்கு எழுபத்தைந்துக்கு மேல்! வயதான பூனைகளில் பலவற்றுக்கு முதலில் பழுதாவது சிறுநீரகம். நிறையத் தண்ணீர் குடிக்கும், உடம்பு இளைக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வலியை வெளியே காட்டாமல் ஒளிந்துகொள்வது பூனையின் பிறவிக் குணம். ‘கத்தலையே, அப்ப வலி இல்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். பாவம் பார்த்து நம் வீட்டு பாரசிட்டமாலைக் கொடுத்துவிடவும் வேண்டாம் - பூனைக்கு அது விஷம்! கால்நடை டாக்டரிடம் போனால் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, வாந்திக்கும் வலிக்கும் மருந்து, தனி உணவு என்று மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில்கூட நல்லபடியாக ஓட்டமுடியும். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள், வாசனைக்கு வரும். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். இவையெல்லாம் ஹாட்ஜின் சிப்பிதான்!

அதற்குமேல் முடியாது என்ற நாள் வந்தால்? அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு பட்டியல் தந்தார். வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கடைசியாகக் கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி - ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். மொத்தம் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் தொடரலாம். காலண்டரில் தினமும் குறித்துவாருங்கள். கணக்கு மனசை ஆற்றாது. ஆனால் மனசு நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும்.

இதில் இரண்டு விதமாக வழுக்கிவிழலாம். ‘ராத்திரி தூக்கம் போச்சு, வீடெல்லாம் நாற்றம்’ என்று அவசரப்பட்டு முடிப்பது ஒன்று. அது நமக்காக. இன்னொன்று, ‘இது இல்லாம எப்படி இருப்பேன்’ என்று, மூச்சுக்குத் திணறும் பிராணியை இழுத்துப் பிடித்துவைப்பது. அழகாகத் தெரிந்தாலும் அதுவும் நமக்காகத்தான்! ‘ஊசி எங்களுக்கு ஒப்பாது, வீட்டிலேயே போகட்டும்’ என்பவர்களும் உண்டு. காம்பே ஆஸ்பத்திரியின் வாரிசுகள் அவர்கள், தப்பே இல்லை. ஆனால் வலிக்கு மருந்து கொடுக்காமல், மூலையில் போட்டுவிட்டு, ‘விதி’ என்று உட்கார்ந்திருப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைக்கவேண்டாம்.

ஊசிதான் என்று முடிவானால், பெரும்பாலும் முதலில் மயக்கத்துக்கு ஒன்று, பிறகு அளவு மீறிய மயக்கமருந்து. சில நிமிடங்களில் நின்றுவிடும். கண் மூடாமலேயே போகும். பயப்படாதீர்கள், பூனைகளுக்கு அது இயல்பு. அந்தச் சில நிமிடங்களுக்கு அதற்குத் தெரிந்த கை ஒன்று தலைமேல் இருக்கட்டும். தெரிந்த குரல் ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

‘என்னால பாக்க முடியாது, நீ கொண்டுபோய்ப் போட்டுட்டு வா’ என்று தம்பியையோ, வேலைக்காரரையோ, ஆட்டோ டிரைவரையோ அனுப்பத் தோன்றும்.

அன்றைக்கு மட்டும் வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள்!