புகார் நகரில் பண்டக் காவல்

அரண்மனைக் காவலினும் வணிகர்தம் பண்டசாலைக் காவல் அரிதென்பது எம் கருத்து. அரண்மனையுள் அயலார் புகாமையே காவலன் கருதுவது. பண்டசாலையோ அயலார் நாள்தோறும் வந்து சென்றாலன்றிப் பயன்படாது. வருவோரைத் தடுக்காமலும் பொருளை இழவாமலும் காத்தல் எங்ஙனம்? காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய இருநூல்கள் தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. அதனுள், அரசன் பொருளைக் காக்கும் பணியாளர், ஞாயிற்றின் தேரிற் பூண்ட குதிரைகள்போல் ஓய்வின்றி உல்கு கொள்கின்றனர். கடலினின்று நிலத்திற்கு ஏறுவனவும் நிலத்தினின்று கடலுக்கு இழிவனவுமாகிய பண்டங்கள், புலிப்பொறி இடப்பெற்றே புறம்போகின்றன. காவல் கடிது, ஆயினும் மூடைகள் குவிந்த முன்றிலில் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளித் திரிகின்றன. முன்றில் அடைக்கப்படவில்லை, பொறியே தடையாய் நின்றது என்க.

சிலப்பதிகாரம், இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் ஐவகை மன்றங்களுள் முதலாவதாக வெள்ளிடை மன்றத்தைக் கூறுகின்றது. அங்கே புதியராய் வந்த வணிகர்தம் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் கிடந்தன. வாயிலில்லை, தாழில்லை, உடையவர் காவலுமில்லை. கள்வர் உளராயின், பொதி அவர் தலைமேலேறி அவரைச் சுழலச் செய்யுமேயன்றிக் கொண்டுபோக விடாது என்பது அந்நூற் செய்தி.

இதனைத் தமிழர் களவறியார் என்பதற்குச் சான்றாகக் காட்டுவாருளர். அது பொருந்தாது. கள்வர் உளரெனின் யாதாம் என்பதனை நூலே எண்ணுகின்றது. இனி, இது வெறுங்கற்பனை, வரலாற்றிற்கு உதவாது என்பாருக்கும் விடை கூறுவாம். தெய்வச் செயலை நீக்கினும் பெயரும் எண்ணும் எஞ்சி நிற்கின்றன. பிறன் பெயர் பொறித்த பொதியைச் சுமப்பவன் எங்குச் செல்லினும் அப்பெயரே அவனைக் காட்டிக்கொடுக்கும். எண்ணிடப்பட்ட குவியலில் ஒன்று குறையினும் புலனாகும். இவ்வுண்மையைத் தெய்வத்தின்மேல் ஏற்றி உரைத்தனர் எனக் கொள்ளுதல் தகும்.

வடமொழி அர்த்தசாத்திரமும் இதற்கு அரண் செய்கின்றது. வணிகர் யாவர், எங்கிருந்து வந்தனர், சரக்கு எவ்வளவு, முதல் முத்திரை எங்கே இடப்பட்டது என்பவற்றை நகர்வாயிற் சுங்கச்சாவடியில் எழுதுக என்பது அந்நூல் விதி. முத்திரையில்லாச் சரக்கிற்கு இருமடங்கு சுங்கமும், பொய்முத்திரைக்கு எண்மடங்கு தண்டமும் விதிக்கப்பட்டன.

எனவே, பெருவணிகத்தைக் காத்தது கதவன்று, அடையாளமும் பதிவுமே என்பது எம் துணிபு. இற்றை வணிக மாளிகைகளில் மின்னட்டை காட்டி வாயில் கடப்போரும் இம்முறையினின்று வேறுபட்டவரல்லர். பொதிமேலிருந்த பொறி இன்று மாந்தர்மேல் வந்துள்ளது, அவ்வளவே. ஆயின் ஒரு வேறுபாடு எண்ணத்தக்கது. புகாரில் பொறி பெற்றது பண்டம். வந்த மனிதன் மன்றத்துள் தடையின்றி நடந்தான். இன்று மனிதனே பொறி பெற்றாலன்றி உள்ளே புகவியலாது. காவல் வளர்ந்ததா, நம்பிக்கை சுருங்கியதா என்பதனைக் கற்போர் ஆராய்வாராக.