சீனன்குடாப் பகுதியின் மான்களும் வேளாண்மைக் காவலும்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவிலும் அதன் அயலிலும் புள்ளிமான்கள் வாழ்கின்றன. இலங்கையில் மானைச் சுடுவது குற்றம். பயிரைக் காக்கத் துவக்கு அனுமதிப்பத்திரம் பெற்ற விவசாயிக்கும் இதில் விலக்கில்லை.

வாழிடம்

இங்குள்ள புள்ளிமான் இலங்கைக்கே உரிய துணையினம். காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரமே அதற்கு உகந்த இடம். இரண்டாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியர் இங்கே அமைத்த எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. அவற்றில் பெரும்பகுதி நெடுங்காலம் கைவிடப்பட்டு, சுற்றிலும் காடு மண்டியது. திருகோணமலையை அடுத்த காட்டின் ஒரு பகுதி 1963இல் சரணாலயமாக்கப்பட்டது. நகரில், போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய பிரெடரிக் கோட்டைக்குள் மான்கூட்டம் ஆட்களுக்கு அஞ்சாமல் மேய்கிறது. சீனன்குடாவுக்குத் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமத்து வயல்கள் விரிகின்றன.

மேய்ச்சலின் அடையாளம்

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது இலையைக் கடித்து இழுப்பதால் நுனி பிய்ந்து நார்நாராக நிற்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியதுபோல் இருக்கும். பன்றி புகுந்த வயலில் மண் கிளறப்பட்டிருக்கும். காலையில் வரம்பில் குனிந்து இவற்றைப் பார்த்தாலே இரவில் வந்தது எதுவென்று தெரிந்துவிடும். மரை எனப்படும் கடமானின் குளம்படி புள்ளிமானின் அடியைவிடப் பெரியது. எது மேய்ந்தது என்று தெரியாமல் எடுக்கும் காவல் நடவடிக்கை வேறு உயிரைத்தான் பலிகொள்ளும்.

சட்டம்

பிரித்தானியர் ஆட்சியில் மான் வேட்டை துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது. அவர்களில் ஒருவரான சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நாய்களைக்கொண்டு மரை வேட்டையாடியதை 1854இல் நூலாக எழுதினார். வேட்டை விலங்குகள் அருகுவதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1894இல் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று மானைப் பாதுகாக்கின்றன. மானிறைச்சி விற்பதும் குற்றமே. காட்டுப்பன்றிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

துவக்குகளை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்குப் பொதுவாக வழங்கப்படுவது 12 போர் சொட்கன். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டுத்துவக்கு எந்த நிலையிலும் சட்டவிரோதம். வழியின் குறுக்கே கட்டிய அதன் கம்பியில் எது தட்டினாலும் அது வெடிக்கும். விறகு பொறுக்கப் போனவரின் காலும் மானின் காலும் அதற்கு ஒன்றுதான். பன்றிக்கென வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தையும் சிக்கிச் சாகிறது.

எண்ணிக்கை

மானைச் சுட அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. ஸ்கொட்லாந்தில் ஓநாய் அற்றுப்போனதால் செம்மான் பெருகியது. அங்கே அனுமதி பெற்ற துப்பாக்கியால் ஆண்டுதோறும் மான்களைச் சுட்டுக் குறைக்கின்றனர். அந்தமானில் பிரித்தானியர் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான்கள், கொன்றுண்ணும் விலங்கில்லாத தீவுகளில் பெருகி இளமரக்கன்றுகளை மேய்ந்து காட்டையே மெலிவித்தன. இலங்கையின் நிலை வேறு. வறள்வலயக் காடுகளில் சிறுத்தை இருக்கிறது. அதன் முதன்மை இரைகளில் ஒன்று புள்ளிமான். சிறுத்தைக்குக் காடு இருக்கும்வரை மானின் தொகையைக் காடே ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

நகர மான்களின் சிக்கல் வேறு. சிறுத்தை வராத தெருக்களில் அவை குப்பையைக் கிளறி உணவு தேடுகின்றன. உணவோடு விழுங்கிய பொலித்தீன் இரைப்பையில் அடைத்து இறக்கின்றன.

காவல் வழிகள்

இரவில் பரணில் விழித்திருப்பதும், தீ மூட்டுவதும், தகரம் தட்டுவதும் பழைய முறைகள். மான் நன்றாகத் தாவும்; ஆகவே முழங்கால் உயர வேலி பயன்தராது, ஆளுயரத்துக்கு மேல் வேண்டும். தோட்டப் பயிருக்கு அது இயலும். பரந்த வயலுக்குச் செலவு தாங்காது. அந்தச் செலவைத் தனி விவசாயியின் தலையில் விட்டுவிட்டு மானைக் காக்கச் சொல்வது நியாயமல்ல. ஊர் கூடி அரசின் துணையோடு எழுப்பும் வேலி, மூடிய குப்பைத் தொட்டி, அழியாத காடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேளாண்மையும் மானும் ஒருங்கே தப்பும்.